சிக்குன்குனியா விட்டபின்னும் விடாத மூட்டுவலி: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொசு கடித்து வரும் சிக்குன்குனியா காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடுகிறது. அதன் பின்னே வரும் மூட்டுவலியோ சிலரிடம் மாதக்கணக்கிலும் சிலரிடம் ஆண்டுக்கணக்கிலும் தங்கிவிடுகிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து என்னிடம் இயன்முறைச் சிகிச்சைக்கு (பிசியோதெரபி) வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருந்து எழுதித் தரும் மருத்துவர் அல்லள். ஆகவே மருந்து பற்றி இங்கே சொல்லியிருப்பவை, உங்கள் மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக மட்டுமே.

காய்ச்சல் நான்கே நாளில் விட்டுவிட்டது. வலி மட்டும் ஏன் விடவில்லை?

இந்த நோயின் பெயரிலேயே அதற்கு விடை இருக்கிறது. 1952ஆம் ஆண்டில், இன்று தான்சானியா என்று அழைக்கப்படும் நாட்டின் தென்பகுதியில் இது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டபோது, அங்குள்ள மகொண்டே மக்கள் தங்கள் மொழியில் ‘உடலை வளைத்து முடக்குவது’ என்ற பொருளில் வைத்த பெயர்தான் சிக்குன்குனியா. மூட்டை முடக்குவது இந்த நோயின் இயல்பு.

வைரஸ் இரத்தத்திலிருந்து சில நாட்களில் நீங்கிவிடுகிறது. ஆனால் மூட்டுகளின் உட்புறச் சவ்வில் அதன் எச்சங்கள் நெடுநாள் தங்கியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த எச்சங்களை விரட்ட உடலின் எதிர்ப்பாற்றல் தொடர்ந்து போராடுவதால் அங்கே அழற்சி அடங்காமல் இருக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்களின் உறைகளும் வீங்குகின்றன. விரல்கள், மணிக்கட்டு, கணுக்கால், பாதம் ஆகியவை இரு பக்கமும் ஒரே மாதிரி வலிப்பது இதனால்தான். நீங்கள் நினைத்துக்கொள்வதால் வரும் வலி அன்று இது.

இந்த வலி எத்தனை நாள் இருக்கும்?

முதல் மூன்று வாரங்கள் கடுமையான கட்டம். அதற்குப் பின் மூன்றாம் மாதம் வரை ஓர் இடைக்கட்டம். மூன்று மாதத்தையும் தாண்டினால் நாட்பட்ட கட்டம் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் வலியோடு இருப்பவர்கள் நால்வரில் ஒருவர் என்று சில ஆய்வுகளும், இருவரில் ஒருவர் என்று வேறு சில ஆய்வுகளும் சொல்கின்றன. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள், பெண்கள், காய்ச்சலின்போதே மிகக் கடுமையாக வலித்தவர்கள், முன்பே மூட்டுத் தேய்மானமோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்கு வலி நீடிக்கும் வாய்ப்பு கூடுதல்.

வலி நேர்கோட்டில் குறைந்துகொண்டே போகாது. பத்து நாள் நன்றாக இருந்துவிட்டுப் பதினோராம் நாள் பழையபடி பிடித்துக்கொள்ளும். மழை ஈரத்திலும், கல்யாண வீட்டு அலைச்சலுக்குப் பிறகும் இப்படி ஆவதைப் பார்த்து, நோய் திரும்பிவிட்டது என்று அஞ்சி வருகிறவர்கள் பலர். நோய் திரும்பவில்லை, ஆறிக்கொண்டிருக்கும் மூட்டு அப்படித்தான் ஏறி இறங்கும். ஒரு நாளை அதற்கு முந்தைய நாளோடு ஒப்பிடாமல், இந்த மாதத்தைச் சென்ற மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்கு வந்தது சிக்குன்குனியாதான் என்று இப்போது எப்படி உறுதிசெய்வது?

காய்ச்சலின் முதல் வாரத்தில் பிசிஆர் பரிசோதனையில் வைரஸே தெரியும். அதற்குப் பின், ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருள் இரண்டு மூன்று மாதங்கள் வரை இரத்தத்தில் காணப்படும். ஐஜிஜி என்னும் மற்றோர் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் நிற்கும். ஆகவே, மாதக்கணக்கு கடந்துவிட்டாலும் கண்டறிய வழி உண்டு.

இதைவிட முக்கியமான வேறொரு கேள்வி இருக்கிறது. ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வீக்கம் அடங்காமலும், காலையில் மூட்டு இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தும் வந்தால், அது முடக்குவாதம் என்னும் வேறொரு மூட்டுநோயாக இருக்குமோ என்று பார்த்தாக வேண்டும். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும்; ஆனால் முடக்குவாதத்தைக் கவனிக்காமல் விட்டால் எலும்பையே அரித்துவிடும். ஆர்ஏ ஃபாக்டர், ஆன்டி சிசிபி, இஎஸ்ஆர், சிஆர்பி ஆகிய இரத்தப் பரிசோதனைகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருப்பதால், இதற்காகச் சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

காலையில் எழுந்தால் கை மடங்குவதில்லை. என்ன செய்யலாம்?

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி ஒருவர் சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்து, விடியற்காலையில் முகப்புக் கதவைத் திறக்கப் போயிருக்கிறார். ஒரு சாண் நீளமுள்ள இரும்புச் சாவி. நாற்பது ஆண்டுகளாக அவர் தினமும் திருப்பிய சாவி. அன்று இரண்டு கையாலும் பிடித்தும் அது அசையவில்லை. வெளியே பால்காரர் நிற்கிறார், உள்ளே இவர் நிற்கிறார். கடைசியில் அடுப்படிக்குப் போய் ஒரு தோசைக் கரண்டியை எடுத்து வந்து, அதன் காம்பைச் சாவியின் வளையத்துக்குள் நுழைத்து, கரண்டியைக் கீழே அழுத்தியிருக்கிறார். கதவு திறந்துகொண்டது.

நாங்கள் சிகிச்சையில் கற்றுக்கொடுப்பதும் இதுதான். விரலால் செய்யும் வேலையை உள்ளங்கைக்கும், உள்ளங்கையால் செய்யும் வேலையை முழங்கைக்கும் மாற்றிவிட வேண்டும். மெல்லிய பிடிகளுக்குத் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். குழாயைத் திருகு குழாயாக வைக்காமல் நெம்புகோல் போன்ற கைப்பிடி உள்ளதாக மாற்றுங்கள். குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதை விட்டு, தண்ணீரைச் சிறு சிறு செம்புகளாக எடுங்கள்.

எழுந்தவுடன் வேலையில் இறங்காதீர்கள். படுக்கையில் இருந்தபடியே கணுக்காலை வட்டமாகச் சுற்றுங்கள். விரல்களை மெதுவாக மடக்கி, முழுதாக விரித்து, பத்து முறை செய்யுங்கள். பிறகு பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் பத்து நிமிடம் கைகளை வைத்து, நீருக்குள்ளேயே அசைத்துக்கொண்டிருங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த கால்களை உடையவர்கள், வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகே நீரில் காலை வைக்க வேண்டும். மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிற நாட்களில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். குளிர்ந்த ஒத்தடமே அன்றைக்கு ஏற்றது.

முழு ஓய்வு எடுக்க வேண்டுமா, வேலை செய்தே ஆக வேண்டுமா?

இரண்டுமே தவறான வழி. அசைக்காத மூட்டு இறுகிப்போகும். அளவு மீறி உழைத்த மூட்டு வீங்கிப்போகும். ஒரு வேலையைச் செய்து முடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் வலி கூடுதலாகவே இருந்தால், அன்று நீங்கள் செய்தது அதிகம். அடுத்த நாள் அதில் பாதி செய்யுங்கள். இந்த இரண்டு மணிக் கணக்கு ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டாலே போதும்.

நம் பக்கத்து வேலைகளில் கைக்கு மிகுந்த கேடு செய்வது பலகாரம். தேன்குழலும் மணகோலமும் பிழியும்போது மணிக்கட்டும் கட்டைவிரலும் ஒருசேர அழுந்துகின்றன. பித்தளை நாழியில் கெட்டியான மாவை வைத்துப் பிழிந்தால் வலியில்லாத கையே ஓய்ந்துபோகும். இதைத் தொழிலாகச் செய்கிறவர்களிடம் நிறுத்துங்கள் என்று சொல்வது எளிது, அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே! ஆகவே நான் சொல்வது: பிழியும் வேலையை இளையவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, எண்ணெய்ப் பதம் பார்ப்பதையும் எடுத்து வைப்பதையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கையை மாற்றி, நாழியை மேசை உயரத்தில் வைத்து, நின்றபடி உடல் எடையால் அழுத்துங்கள். பனையோலைக் கொட்டான் முடைகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். ஓலையை நனைத்து மிருதுவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஒரு கொட்டானை முடித்துவிட வேண்டும் என்று உட்காராதீர்கள்.

கால்வலிக்காரர்களுக்கு வீடே ஒரு சோதனை. முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டில், உயரமான நிலைப்படிகளைத் தாண்டித் தாண்டி ஒரு நாளைக்கு எத்தனை நடை! மாத்திரை, தண்ணீர், கைப்பேசி ஆகியவற்றை முன்கட்டிலும் பின்கட்டிலும் ஒவ்வொரு தொகுதியாக வைத்துவிட்டால் பாதி நடை குறையும். ஆத்தங்குடிக் கல் தரை குளிர்ச்சியானது, ஈரம் பட்டால் வழுக்கவும் செய்யும். வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் தயங்குவார்கள். வாசலுக்கே போகாத மென்மையான செருப்பு ஒன்றை வீட்டுக்கென்றே தனியாக வைத்துக்கொள்வதில் குறையொன்றும் இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து போடும் வாசல் கோலத்தையும் நடுவீட்டுக் கோலத்தையும் சில மாதங்களுக்கு வேறு யாராவது போடட்டும்.

நடமாட முடியாதவர்கள், 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து தரப்படும் இயன்முறைச் சிகிச்சை பற்றி, தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

ஒரே ஊசியில் வலி பறந்துவிடுகிறது என்கிறார்களே?

என் பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மாதம் வலியோடு இருந்தவர், யாரோ சொன்னதைக் கேட்டு ஓரிடத்தில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் எழுந்து மாவாட்டினார், துணி துவைத்தார், ‘நான் குணமாகிவிட்டேன்’ என்று எங்கள் எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னார். எட்டு நாளில் வலி திரும்பியது, மீண்டும் ஊசி. இரண்டு மாதத்தில் ஐந்து ஊசி போட்டிருக்கிறார். அத்துடன் தாளில் மடித்துக் கொடுத்த, பெயர் எழுதாத மாத்திரைகள் வேறு. கட்டுக்குள் இருந்த சர்க்கரை முந்நூறைத் தாண்டியது, முகம் ஊதியது, காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறவில்லை. அப்போதுதான் எங்களுக்கே விவரம் தெரிந்தது. அது என்ன ஊசி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அத்தகைய ஊசிகளிலும் பெயரற்ற மூட்டுவலிப் பொடிகளிலும் இருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. அது கெட்ட மருந்து அன்று. கடுமையான அழற்சிக்குச் சிறப்பு மருத்துவர்களே அதைக் குறைந்த அளவில், குறிப்பிட்ட நாட்களுக்கு, படிப்படியாகக் குறைத்துத் தருவதுண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்பின் வலு ஆகியவற்றைப் பார்க்காமல், அளவும் நாளும் தெரியாமல் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொள்வதுதான் கேடு. பல வாரங்கள் எடுத்துக்கொண்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் துணையோடுதான் குறைக்க வேண்டும். எந்த ஊசிக்கும் கையை நீட்டுவதற்கு முன் அதன் பெயரைக் கேளுங்கள், சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் எந்த மாத்திரைதான் எடுத்துக்கொள்வது?

காய்ச்சலின்போது பாராசிட்டமால் மட்டுமே. டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், டைக்ளோபினாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றைத் தொடக்கூடாது. டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவை உண்டாக்கும். பாராசிட்டமாலும் 650 மில்லிகிராம் மாத்திரையாக ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம், ஈரலைப் பாதிக்கும்.

காய்ச்சல் ஓய்ந்து, டெங்கு இல்லை என்று தெரிந்த பிறகு மருத்துவர் அழற்சி குறைக்கும் வலி மாத்திரைகளைச் சில வாரங்களுக்குத் தரலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்; பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக்கூடாது. மூன்று மாதத்துக்குப் பிறகும் வீக்கம் அடங்காதவர்களுக்கு மூட்டுவாதச் சிறப்பு மருத்துவர் ஹைட்ராக்சிகுளோரோகுயின், மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றைப் பரிந்துரைப்பார். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்கும் மருந்து. தினமும் எடுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், எந்தக் கிழமை என்பதை நாட்காட்டியில் பெரிதாக எழுதி வைத்து, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

நிலவேம்புக் குடிநீர், எண்ணெய்த் தேய்ப்பு, பத்தியம் ஆகியவை பயன் தருமா?

2006இல் இந்தியா முழுவதும் பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதிலிருந்து, காய்ச்சல் காலத்தில் நிலவேம்புக் குடிநீர் நம் மக்களிடம் பரவலாக நிலைத்துவிட்டது. அரசு சித்த மருத்துவப் பிரிவில் கேட்டு அளவாகக் குடிக்கலாம். மாதக்கணக்கில் நிற்கும் மூட்டுவலிக்கு அதை மட்டும் நம்பி மற்ற பரிசோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிப்பது நல்லது.

வெதுவெதுப்பான எண்ணெயை மெதுவாகத் தடவுவது இதமளிக்கும். நீவி முறுக்குவது, நெட்டி எடுப்பது, வீங்கிய மூட்டை மிதிப்பது ஆகியவை கூடவே கூடாது. பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் விலக்கி, ரசமும் சோறுமாக இரண்டு மாதம் இருந்து தசை வற்றிப்போய் வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. புரதம் இல்லாமல் தசை தேறாது. தசை தேறாமல் மூட்டுக்குத் தாங்கல் கிடையாது.

களைப்பு, முடி உதிர்வு, மூக்கில் கருமை, விரல் மரத்துப்போதல் ஆகியவையும் இதனால்தானா?

ஆம், இவை எல்லாமே வரக்கூடியவை. காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிரும் முடி பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். மூக்கின் மேல் படரும் கருமையும் சில மாதங்களில் மங்கும். இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போனால், மணிக்கட்டில் வீங்கிய நாண்கள் நரம்பை அழுத்துகின்றன என்று கொள்ளலாம். இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிந்து தூங்கினால் பலருக்குக் குறைகிறது. குறையாவிட்டால் காட்டிவிடுங்கள்.

ஒரு மூட்டு மட்டும் மிகவும் சிவந்து வீங்கி மீண்டும் காய்ச்சல் வந்தாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ, கைகால் வலுவிழந்தாலோ, வலி மாத்திரை எடுத்தபோது மலம் கருமையாகப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் யாரும் நம்புவதில்லை. சாக்குச் சொல்வதாக நினைக்கிறார்கள்.

மதியம் நடமாடுகிறவர் காலையில் எழ முடியவில்லை என்றால், பார்ப்பவர்களுக்கு ஐயம் வருவது இயல்புதான். ஆனால் காலையில் மிகுந்து, அசைய அசையக் குறைவதே இந்த வலியின் குணம். இரத்தப் பரிசோதனை முடிவு சரியாக இருப்பதும் வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, உங்களை அதிகம் குறை சொல்கிறவரையே துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் வாயால் கேட்டுவிட்டு வந்த பிறகு, மாமியாரே காலை அடுப்பைப் பற்றவைக்கத் தொடங்கிய வீடுகளை நான் அறிவேன்.

தூக்கமின்மையும் மனச்சோர்வும் இந்த நோயோடு சேர்ந்தே வருகின்றன. எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருமானால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகலாமா?

குன்றக்குடியிலிருந்து காவடியோடு புறப்படும் நடைப்பயணம் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்டது. தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த குடும்பத்தில் ஒருவரை நிறுத்துவது எவ்வளவு பெரிய வருத்தம் என்பதை உணர்ந்தே சொல்கிறேன்: காய்ச்சல் வந்து மூன்று மாதம் ஆகாதவர்கள் இந்த ஆண்டு நடக்க வேண்டாம். மூன்று மாதம் கடந்தவர்கள், தைக்கு ஆறு வாரம் முன்பிருந்து நடந்து பழகுங்கள். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்தும் மறுநாள் காலை கணுக்கால் வீங்காமல் இருந்தால், பயணத்தில் ஒரு பகுதியை நடந்து மீதியை வண்டியில் போகலாம். வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் என்ன கவனிக்க வேண்டும்?

பிரசவத்தை ஒட்டிய நாட்களில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தால் குழந்தைக்குத் தொற்றக்கூடும். மருத்துவமனையில் உடனே சொல்ல வேண்டும். தாய்ப்பாலால் பரவுவதில்லை, தாராளமாகக் கொடுக்கலாம். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் கர்ப்பமாகக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும்போது பல மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

மறுபடியும் வருமா? தடுப்பூசி உண்டா?

ஒரு முறை வந்தவருக்கு நீண்டகால எதிர்ப்பாற்றல் கிடைப்பதால் மறுபடி வருவது மிக அரிது. இந்த நோய்க்கான முதல் தடுப்பூசிக்கு அமெரிக்கா 2023 நவம்பரில் அனுமதி அளித்தது. கடுமையான பக்க விளைவுகள் காரணமாக 2025இல் அதன் உரிமத்தை அங்கே நிறுத்தி வைத்தார்கள். ஏற்கெனவே இருக்கும் மூட்டுவலியை எந்தத் தடுப்பூசியும் தீர்க்காது.

எனக்கு வந்துவிட்டது. வீட்டில் மற்றவர்களுக்கு வராமல் தடுக்க என்ன செய்வது?

உங்களைத் தொடுவதாலோ உங்களோடு உண்பதாலோ யாருக்கும் வராது. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவே இதைப் பரப்புகிறது. அது சாக்கடையை நாடாமல், தெளிந்த நீரைத் தேடி முட்டையிடுகிறது. மழைநீரை வீணாக்காத ஊர் நம்முடையது. முற்றத்துக் கூரையிலிருந்து இறங்கும் நீரை அண்டாக்களில் பிடித்து வைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அந்த அண்டாவை வேட்டித் துணியால் இறுக்கமாகக் கட்டி மூடுங்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்களே போதும் என்பதால், வாரத்துக்கு ஒரு நாள் முழுவதும் காலி செய்ய வேண்டும்.

காலி செய்தால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிந்துவிடும். தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். உரிமையாளர்கள் வெளியூரில் இருக்கும் பூட்டிய வீடுகளின் பின்கட்டில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், உரல், உடைந்த கிடாரம் ஆகியவற்றில் நிற்கும் நீரைத்தான் யாரும் பார்ப்பதில்லை. சாவி வைத்திருக்கும் பங்காளியிடமோ காவல்காரரிடமோ சொல்லி, கவிழ்க்கக்கூடியவற்றைக் கவிழ்த்துவிட்டு, அசைக்க முடியாத கற்குழிகளில் விளிம்பு வரை மணலை நிரப்பச் சொல்லுங்கள்.